சிவசைலம் சாரின் ஐந்து மதிப்பெண் விடைகள்

சிவசைலம் சாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் விட்டுப்போயிருந்த நோட்டுகளை எடுத்துப் போக அவர் வீட்டு முன்னறைக்கு வந்தார்கள், வந்த இடத்தில் பழக்க தோஷத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், தபால்காரர் மகள் ஜெபக்கனி அதே பழக்க தோஷத்தில் அறிவியல் புத்தகத்தைத் திறந்து, "சார், ஓம் விதியைக் கூறி விளக்குக, அஞ்சு மார்க்" என்றாள், உடனே சுவரில் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்த பலகையின் பக்கமிருந்து சார் ஒரு தடவை இருமிவிட்டு, "எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்" என்றார்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஆளைக் காணோம், நாற்காலி காலி, சாக்பீஸ் டப்பா மூடியபடி இருந்தது, குரல் மட்டும் எப்போதும் போல மூக்கடைப்போடு, காற்புள்ளி விடும் இடத்தில் விட்டு, முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்கி விடையைச் சொல்லி முடித்தது.

இதைக் கேட்டு கருவேலங்குறிச்சி நடுங்கியிருக்கும் என்று நினைத்தீர்களானால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பயப்பட யாருக்கும் நேரமில்லை. மறுநாளே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள், தாய்மார்கள் சொம்பில் தண்ணீரும் மடியில் பொரிகடலையுமாகப் பின்னால் வந்தார்கள், பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபடியே ஒரு விடையைக் கேட்டுவிட்டு, "பாடத்திட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் போனார். அம்மன் கோயில் பூசாரியிடம் யாரோ போய் இது பேய்தானே என்று கேட்டதற்கு, "பேய் எங்கய்யா 'படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்'னு சொல்லும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எதிர்ப்பு என்று வந்தது கீழத்தெருவில் டியூஷன் நடத்திய பால்ராஜிடமிருந்து மட்டும்தான். "செத்தவரே டியூஷன் எடுத்தா உயிரோட இருக்கவன் என்ன செய்ய?" என்று பேரூராட்சி அலுவலகத்தில் போய்க் குதித்தார். "நீரும் போய் உக்காந்து எழுதிக்கிடும், வேய்" என்றார்கள். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

எதையெல்லாம் சார் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதும் சீக்கிரமே ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. மழை எப்போது பெய்யும் என்று கேட்டார்கள், தொலைந்த ஆட்டைக் கேட்டார்கள், ஒரு கல்யாணத் தரகர் ஜாதகத்தையே கொண்டுவந்து கரும்பலகைக்கு நேரே விரித்து வைத்தார், எதற்கும் மூச்சில்லை. பாடத்தின் பின்னால் இருக்கிற இயற்பியல், வேதியியல் வினாவாக இருக்க வேண்டும், மார்க் எத்தனை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அப்போது சொல்வார். ஒரு வினாவுக்கு ஒரே ஒரு முறை. மறுபடி கேட்டால் உயிரோடு இருந்தபோது செய்தது போலவே சும்மா இருந்துவிடுவார். அதனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்வி, குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதியில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வார்கள், எழுதியதை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்வார்கள், செய்ததை ஒரு சொல் விடாமல் பரீட்சையில் இறக்கி வைப்பார்கள். இதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை யாரும் அசைக்க முடியாது. ஒருவன் சார் இருமிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'இருமல்' என்றும் எழுதிவிட்டு வந்தான், அதற்கும் முழு மார்க் விழுந்தது.

இனி சார் வீட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் சண்முகவடிவு என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணமாகி ஊருக்குள் வந்த நாளிலிருந்து அவள் சார் வீட்டம்மாதான், கொஞ்சம் நெருங்கியவர்களுக்கு அக்கா. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. வடிவு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய் இருந்தது, அதுவும் நாலு சுவருக்குள்தான் கூப்பிடும், வாசலுக்கு வந்தால் 'இந்தா' என்று மாறிவிடும்.

முதல் நாள் சார் பேசியபோது அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். மறுநாள் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஒரு மார்க், இரண்டு மார்க் வினாக்கள். விசையின் அலகு நியூட்டன், அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக மாற்றும் என்று அவர் குரல் சொல்லச் சொல்ல, அத்தனை நாளாக வராத அழுகை அவளுக்கு வந்தது. பிள்ளைகள் போனதும் கரும்பலகையின் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க" என்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

பலகையை முந்தானையால் துடைத்தாள்.

"எங்கிட்ட சொல்லாம கொள்ளாம போயிட்டீங்க. அத விடுங்க. இப்ப ஒரு வார்த்த பேசக்கூடாதா?"

சுவர் சுவராக இருந்தது. அவள் கெஞ்சினாள், அப்புறம் கோபித்தாள், அப்புறம் சுவருக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அது ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் சொன்னோம், பாடப் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கேட்டுப் பாருங்கள் அக்கா, டக்கென்று சொல்வார் என்று. அவள் முகம் போன போக்கு! "ஊராருக்குச் சொல்லுத பதில எனக்கும் சொல்லணும்னா நான் எதுக்கு அவருக்குப் பெஞ்சாதி?" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவளுக்கென்று ஒரு வார்த்தை. ஒன்று போதும். அதைக் கொடுக்க மனமில்லாமல் ஊருக்கெல்லாம் ஓம் விதியை அள்ளி விடுகிறாரே என்ற ஆங்காரத்தில், அன்றிலிருந்து பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ரயிலடியில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று உண்டு. அங்கே போய், வருகிற பாசஞ்சர் வண்டியைப் பார்த்துக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். பரீட்சைப் பேப்பரைப் பற்றி நாங்கள் ஆளாளுக்கு அலசிக்கொண்டே வீடு திரும்பும்போது அவள் எதிரே வருவாள். விலகி வழிவிடுவோம், அவ்வளவுதான். சார் பேசுகிறாரே, அந்த அம்மாவுக்கு என்ன குறை என்று எங்களுக்கு நினைப்பு.

இரண்டு மூன்று பரீட்சைகளுக்குள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டோம். பிறகு யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. விடைகள்தான் எங்களிடம் வந்துவிட்டனவே. அண்ணன் தம்பிக்குச் சொன்னான், தம்பி பக்கத்து வீட்டுக்குச் சொன்னான், புதிதாகப் பத்தாம் வகுப்புக்கு வருகிறவர்கள் வாய்ப்பாடு போல அவற்றைக் கற்றுக்கொண்டார்கள். பால்ராஜ் டியூஷனில் அதையே காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். ஊர் பாஸாகிக்கொண்டே இருந்தது. சார் வீட்டு முன்னறையில் பல்லி சத்தம் மட்டும் இருந்தது. ரயிலடிக்குப் போக வேண்டிய காரணம் இல்லாமல் போனதில் வடிவு வீட்டிலேயே இருந்தாள், பேச ஆளில்லாததில் வரவர அவள் குரலே கட்டிக்கொண்டு வந்தது, கடையில் சாமான் கேட்கும்போது முதல் சொல் வெளியே வராது, தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது தடவை கேட்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மிக்கேல் வந்தார்.

மிக்கேல் பேரூராட்சியில் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். நாற்பது வயதைத் தாண்டியும் தற்காலிகம்தான், பத்தாம் வகுப்பு பாஸ் செய்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். தமிழிலிருந்து கணக்குவரை தாண்டிவிட்டார், அறிவியல் மட்டும் ஒவ்வொரு தடவையும் காலை வாரிவிட்டது. குழாய் வாஷர் மாற்ற வந்தவர், மாற்றிவிட்டும் போகாமல் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, ஒரு உதவி. எனக்கு யாராவது புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு கேட்டாத்தான் படிச்சது வாயில வருது. வீட்டுல பிள்ளைய கிட்ட ஒப்பிச்சா சிரிக்குதுவ. நீங்க கொஞ்சம் பிடிக்கியளா?"

வடிவு எட்டாவதுவரை படித்தவள். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மிக்கேல் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டி, கண்ணை மூடினார்.

"சமையல் உப்பு மழைக்காலத்தில் கசிவது ஏன்? விளக்குக" என்று அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு ஆகும். தூய சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் அதில் மாசாகக் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. எனவே மழைக்காலத்தில் உப்பு கசிகிறது. வடிவு, உப்பு ஜாடியைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதே."

வரிவரியாக ஓடிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது. அடுத்த வரியில் தேடினாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"கடைசில என்ன சொன்னீய?"

"வடிவு, உப்பு ஜாடியைத் திறந்து..."

"அது புத்தகத்துல இல்லையே."

"புத்தகத்துல இருக்காதுக்கா. சார் சொன்னது. சார் சொன்னதுல ஒரு வரி கூட விடக்கூடாதுன்னு பால்ராஜ் கண்டிஷன். நாங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுதோம்."

"வடிவுன்னா யாருன்னு நெனச்சீய?"

மிக்கேல் தலையைச் சொறிந்தார். "கணக்குல ராமு அஞ்சு மாம்பழம் வாங்கினான், சோமு மூணு வாங்கினான்னு வரும்லா? அது மாதிரி யாரோ ஒரு பிள்ளன்னு நெனச்சோம். ஏங்க்கா, தப்பா?"

வடிவு இல்லை என்று தலையை அசைத்தாள். அவர் பாட்டுக்கு மேலே சொல்லிக்கொண்டு போனார். "எல்லா அஞ்சு மார்க்லயும் கடைசில ஒண்ணு உண்டுக்கா. ரெண்டு மார்க்ல வராது. ஓம் விதில வரும். 'வடிவு, இரவில் பயமாக இருந்தால் விளக்கை எரியவிட்டுப் படு. கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படாதே.' இதுக்குத்தான் அர மார்க்குன்னு எங்கள்ல ஒரு பேச்சு."

அவள் மடங்கி உட்கார்ந்து புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிக்கேலுக்கு ஒன்றும் ஓடவில்லை, குழாய் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த வடிவு வேறு. காலையில் புத்தகத்தோடு கிளம்பினாள். இப்போது மருந்துக்கடையில் நிற்கிற ஜெபக்கனியிடம் போய், "இரும்பு துருப்பிடித்தலைத் தடுக்கும் முறைகள் யாவை?" என்றாள். ஜெபக்கனி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே வண்ணம் பூசுதல், எண்ணெய் தடவுதல், நாகமுலாம் பூசுதல் என்று சொல்லிக்கொண்டு வந்து, "வடிவு, பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடு, தனியாக இழுத்துக் கையைக் கிழித்துக்கொள்ளாதே" என்று முடித்தாள். வடிவு வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். பஸ் கண்டக்டரிடம் நியூட்டனின் முதல் விதியைக் கேட்டாள், படிக்கட்டில் தொங்கியபடி அவன், "வடிவு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவுடன் எழுந்து நடக்காதே" என்றதும் பஸ்ஸுக்குள் இருந்த பாதிப் பேர் கூடவே சொன்னார்கள். பால்ராஜிடம் கேட்டாள், அவர் எழுந்து நின்று சொன்னார். ஊருக்கு மெல்ல விளங்கியது. அவளுக்கு அவர் சொல்லிவிட்டது அத்தனையும் எங்கள் வாயில் இருந்தது, எங்கள் தம்பி தங்கைகள் வாயில் இருந்தது, எங்களைத் தெரியாத ஏதோ ஓர் ஊரில் பேப்பர் திருத்திய வாத்தியார்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியாது. நாங்கள் அதையெல்லாம் மார்க்குக்கு மாற்றித் தின்றுவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அவள் கேள்வி கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, கடைசி வரியில் கொஞ்சம் நிதானித்துச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

ஆனாலும் நாங்கள் சொல்வது வேறு, அவர் சொல்வது வேறு. கண்டக்டர் குரலில் வடிவு என்று கேட்டு என்ன செய்ய? அவள் காதுக்கு அவர் குரலில் ஒரு முறை வேண்டியிருந்தது, அதற்கு வழியும் ஒன்றே ஒன்று இருந்தது. மோல் கணக்குப் பாடத்தை எங்கள் ஊரில் யாரும் படித்ததில்லை. அது கஷ்டம், வந்தால் சாய்ஸில் விட்டுவிடலாம் என்பது சார் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. அந்தப் பாடத்தின் பின்னால் இருந்த ஒரே ஐந்து மதிப்பெண் வினாவை ஒருவரும் சாரிடம் கேட்டிருக்கவில்லை.

அதைக் கண்டுபிடித்த அன்று வடிவு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரும்பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கேட்டால் பேசுவார். பேசி முடித்தால் அதற்கப்புறம் எக்காலத்துக்கும் ஒன்றும் இல்லை. கேட்காதவரை ஒன்று மிச்சம் இருக்கிறது. தினமும் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்வாள், கேள்வியை மனசுக்குள் வாசிப்பாள், புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தைக் கழித்தாள்.

மிக்கேல் அந்தத் தடவையும் ஃபெயில். கேள்வித்தாளின் அமைப்பை மாற்றிவிட்டார்கள், மோல் கணக்கைக் கட்டாய வினாவாகக் கேட்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவர் சொன்னார்:

"அக்கா, அடுத்த மாசம் பரீட்ச. இதுல விட்டா வயசு வரம்பு தாண்டிரும், வேலையும் போயிரும். அந்த ஒரு கேள்விய நான் சார்ட்ட கேட்டுக்கிடட்டுமா? நீங்க வேண்டாம்னா கேக்கல."

மாட்டேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது என்று பின்னால் மிக்கேலிடமே சொன்னாளாம்.

"உள்ள வாங்க" என்றாள். "நோட்ட எடுத்துக்கிடுங்க. கேள்விய நான் கேக்கேன்."

பாயை விரித்தாள். மிக்கேல் பேனா மூடியைக் கழற்றினார். வடிவு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "அவகாட்ரோ விதியின் பயன்பாடுகள் யாவை? அஞ்சு மார்க்" என்று கேட்டாள்.

கரும்பலகையின் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

"எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன். ஒன்று, கேலூசாக் விதியை விளக்குகிறது. இரண்டு, வாயுக்களின் அணுக்கட்டு எண்ணைக் கணக்கிட உதவுகிறது. மூன்று, வாயுக்களின் மூலக்கூறு வாய்ப்பாட்டைக் கண்டறியப் பயன்படுகிறது. நான்கு, மூலக்கூறு நிறைக்கும் ஆவி அடர்த்திக்கும் உள்ள தொடர்பை வருவிக்கிறது. ஐந்து, வாயுக்களின் கிராம் மோலார் பருமனைக் கணக்கிட உதவுகிறது."

மூச்சு வாங்கினார். வடிவு பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வடிவு, இந்தப் பாடத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் இதை இங்கே வைத்தேன். எனக்கு இங்கே பேச ஆளில்லை."

அவ்வளவுதான். பல்லி கத்தியது. தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்துப் போயிற்று.

மிக்கேல் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "அக்கா, கடைசி வரியையும் எழுதணுமா?"

"வேண்டாம். அது பாடம் இல்ல."

"அர மார்க் போனா?"

"போகட்டும். ஒப்பிங்க, கேப்போம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். வடிவு புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள். மூன்றாவதில் தடுமாறினார், எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவதோடு அவர் நிறுத்திக்கொண்டார். சரியாக இருக்கிறது, போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

தன்னிடம் மட்டும்தான் அவர் பேசவில்லை, மற்றபடி ஊரே அவருக்குத் துணையாக இருக்கிறது என்று அத்தனை வருஷமாக அவள் நினைத்திருந்தாள். அவள் கேட்டதெல்லாம் பதிலைத்தான். பதில் வராது என்று தெரிந்ததும் பேச்சையே விட்டுவிட்டாள். ரயிலடி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவரும் அந்தச் சுவருக்குள் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போனவர்கள் ஜன்னலில் கேட்டோம். கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கட்டிப்போயிருந்த தொண்டையைச் செருமிக்கொண்டு, கேள்வி ஒன்றும் இல்லாமல் அவள் ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, காலைல மார்க்கெட்டுக்குப் போனேனா, கத்தரிக்கா ஒண்ணு கூட நல்லா இல்ல. பின்ன வார வழில பால்ராஜ் பெஞ்சாதியப் பாத்தேன். இருங்க, மொதல்லருந்து சொல்லுதேன்."